வரவேற்பு மேசையின் வேதியியல்

தேசிய வேதியியல் மாநாடு ஒன்றில் வேதியியல் எந்த இடத்தில் நடக்கிறது? கருத்தரங்கக் கூடத்தில் என்று பதில் சொல்ல யாரும் யோசிக்க மாட்டார்கள். அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கும். இக்கட்டுரை அந்தப் பதிலை மறுக்கிறது. மாநாட்டின் வேதியியல் முழுவதும் கூடத்துக்கு வெளியே, வாசற்படிக்கு மூன்றடி தள்ளி, வெள்ளைத் துணி விரித்த ஒரு மர மேசையின் மேல் காலை பதினோரு மணிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதன்பின் கூடத்துக்குள் இரண்டு நாள் நடப்பது அதைப் பற்றிய பேச்சு மட்டுமே என்பது நமது கருதுகோள். மேசையின் மேல் இருப்பவை சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு, காம்பு கிள்ளிய ரோஜாப்பூக்கள். ஓரத்தில் ஒரு ரசீதுப் புத்தகமும் பணப்பெட்டியும் உண்டு. அவற்றுக்குப் பின்னர் வருவோம். ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கூட்டும் இரண்டு நாள் மாநாடுகளே நமது தரவுக்களம். ராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாக இருப்பது இந்தப் பருவத்துக்கு ஒரு காரணம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவது இன்னொரு காரணம். இரண்டில் எது வலியது என்பதைக் கல்லூரிக் கணக்குப் பிரிவு அறியும். 'தேசிய' என்ற அடைமொழிக்கும் வரையறை தேவைப்படுகிறது. பேச்சாளர்களில் ஒருவராவது வாளையாறுக்கு அப்பாலிருந்து வந்திருந்தால் மாநாடு தேசியத் தன்மை அடைகிறது. கொழும்பிலிருந்து ஒருவர் கிடைத்துவிட்டால் அது பன்னாட்டு மாநாடாகிவிடும் என்பதால், அவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

முதலில் எதிர்மறைச் சான்று. வேதி மாற்றம் என்றால் என்ன என்பதைப் பள்ளிப் பாடநூல் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: புதிய பொருள் உண்டாக வேண்டும், நிறம் மாறுதல், வாயு வெளிப்படுதல், வெப்பம் கொள்ளுதல் அல்லது விடுதல், வீழ்படிவு தோன்றுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்த அளவுகோலுடன் கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே நடப்பது ஒளிப்படக்காட்டியின் ஒளியியல், ஒலிபெருக்கியின் மின்னணுவியல், நாற்காலிகளின் நிலைமவியல். திரையில் கூம்புக் குடுவை தெரிகிறது. அது குடுவையின் படம். வினை நடந்ததாக ஓர் அம்புக்குறி சொல்கிறது. அம்புக்குறிக்கு மணம் கிடையாது. துறையின் ஆய்வகம் அன்றைக்குப் பூட்டிக் கிடக்கும், ஏனென்றால் ஆய்வக உதவியாளர் ஜெனரேட்டர் பொறுப்பில் இருப்பார். மின்சாரம் போனால் கூடத்தின் வெப்பம் உயர்வதை ஓர் அறிகுறியாகக் கொள்ளலாமா என்றால், புதிய பொருள் எதுவும் உண்டாகாத காரணத்தால் அது வெறும் இயற்பியல் மாற்றம். பகல் பன்னிரண்டு மணியளவில் கூடத்துக்குள் ஒரு வாசனை உணரப்படுவதும் உண்மையே. ஆனால் அது உணவுக்கூடத்தில் தாளித்த சாம்பாரின் ஆவி. வாயுக்களின் விரவலைப் பற்றி கிரஹாம் சொன்ன விதிக்கு உட்பட்டு ஜன்னல் வழியே வந்திருக்கிறதே தவிர, கூடத்தின் சொந்த விளைபொருள் அன்று. இந்த இடத்தில் உணவுக் குழுவினர் போட்டிக் கோரிக்கை ஒன்றை வைக்கக்கூடும்: வடை பொன்னிறமாவது, 1912இல் மயார் விவரித்த, சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் இடையிலான வினைதானே என்று. மறுப்பில்லை. ஆனால் அந்த வேதியியலைச் செய்தவர் சமையல் ஒப்பந்தக்காரர். அவர் துறையில் பதிவுசெய்த ஆய்வாளர் அல்லர். கணக்கில் சேர்க்க இயலாது.

இனி மேசைக்கு வருவோம். குங்குமத்திலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் அது தமிழ் வீடுகளில் பள்ளிக்கூடம் தோன்றுவதற்கு முன்பே நடந்துவந்த செய்முறைப் பாடம். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பு. ஆரத்தித் தட்டில் இதே வினை தண்ணீரில் நடக்கிறது. வருகிறவர் எதிரே நிறுத்திச் சுற்றிக் காட்டப்படுவது உண்மையில் நிறங்காட்டி ஒன்றின் காரநிலை. மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், பி.எச். சுமார் 7.4ஐத் தாண்டும்போது மாறத் தொடங்கி 8.6க்குள் செம்பழுப்பாகிவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12க்கும் மேல், ஆகவே ஆரத்தி எடுக்கும் அத்தை எவ்வளவு அலட்சியமாகக் கலந்தாலும் சோதனை தவறுவதே இல்லை; இந்த உறுதி பல ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் கிட்டாதது. மேலைநாட்டு வேதியியலரும் காரத்தைக் கண்டறிய மஞ்சள் தோய்த்த தாளை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். சில வழக்கங்களில் குங்குமம் செய்ய வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பதுண்டு. அங்கே நடப்பது இன்னும் நுட்பம்: வெங்காரத்திலுள்ள போரான் அமிலச் சூழலில் குர்குமினோடு சேர்ந்து வேறொரு சிவப்பைத் தருகிறது. தண்ணீரில் போரான் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இன்றும் இந்தச் சிவப்பையே நம்பும் ஒரு முறை உண்டு. ஆக, பேராளரின் புருவ மத்தியில் இடப்படுவது ஒரு பகுப்பாய்வு முடிவு. அவருக்கு அது தெரியாது. உள்ளே போய், குர்குமினின் நிறமாலை பற்றிய முப்பது நிமிட உரையை, குர்குமினை நெற்றியில் வைத்துக்கொண்டே கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

கருதுகோள் என்றால் பொய்ப்பிக்க வழி இருக்க வேண்டும். நமது கருதுகோள் ஒரு முன்னுரைப்பைத் தருகிறது. வியர்வை இலேசான அமிலத்தன்மை உடையது. மார்ச் மாதத்தில் கோட்டும் டையும் அணிந்த பேராளரின் நெற்றியில் அது குறைவின்றிச் சுரக்கும். அப்படியானால் மஞ்சளாலான குங்குமம் பதினோரு மணித் தேநீருக்குள் மெல்ல மஞ்சளை நோக்கித் திரும்ப வேண்டும். பேராளர்கள் நடமாடும் தரம்பார்த்தலாக மாற வேண்டும். ஆனால் தேநீர் வரிசையில் நிற்கும் நெற்றிகளில் பெரும்பாலானவை காலையில் இருந்த அதே சிவப்போடுதான் இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு முதல் தடையை எழுப்புகிறது. கடைக் குங்குமத்தில் மஞ்சளும் இல்லை சுண்ணாம்பும் இல்லை, மாவில் கலந்த செயற்கைச் சாயம்தான்; பன்னீர் என்பது எசன்ஸ் கலந்த தண்ணீர்; சந்தனம் என்பது மணமூட்டிய பசை; ஆகவே மேசையின் மேல் இருப்பது வேதியியல் அன்று, கலப்படம். இந்தத் தடை தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. மஞ்சளைத் தோண்டி எடுப்பது வேளாண்மை. ரோஜாவின் மணத்தை ரோஜா இல்லாமலே உண்டாக்குவதல்லவா வேதியியல்? கலப்படம் கூடக்கூட மேசையில் வேதியியலின் செறிவு கூடுகிறது. வரவேற்புக் குழுச் செலவைக் குறைக்கச் சொன்ன ஒருங்கிணைப்பாளர், அறியாமலே துறைக்குத் தொண்டு செய்திருக்கிறார்.

பொன்னாடையை இதே தலைப்பில் பார்த்துவிடலாம். இது மேசைக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் இருப்பது, மேடைக்காரர்களுக்கு மட்டும் உரியது. ஆடையில் பொன் இல்லை. துணி, வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் 1941இல் காப்புரிமை கோரிய பாலியெஸ்டர். அதன் பளபளப்பு, அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் இழையின் மேல் ஏற்றிய மஞ்சள் பூச்சு. பல நூற்றாண்டு காலம் ரசவாதிகள் உலைக்கு முன்னால் உட்கார்ந்து இரும்பையும் ஈயத்தையும் பொன்னாக்க முயன்று தோற்றார்கள். நாம் உலை இல்லாமல், பெட்ரோலியத்திலிருந்து வந்த ஒரு பலபடியை 'பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்' என்ற ஒரே வாக்கியத்தில் பொன்னாக்கிவிடுகிறோம். போர்த்தப்பட்டவரும் அதை மறுக்காமல் புகைப்படத்துக்கு நிற்கிறார். ரசவாத வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான வெற்றி இல்லை.

கற்கண்டு குறித்து விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேசையில் உள்ள பொருள்களில் பேராளரின் உடலுக்குள் சென்று தொடர்ந்து வினைபுரிவது அது ஒன்றே. கற்கண்டு என்பது சுக்ரோஸ் படிகம். தெவிட்டிய பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தால் படிகம் பெரிதாகும். அவசரப்பட்டால் கிடைப்பது சாதாரணச் சர்க்கரை. பொறுமைக்குப் பரிசளிக்கும் இப்பொருளை, ஒன்பதரைக்கு என்று அழைத்துப் பதினொன்றுக்குத் தொடங்கவிருக்கும் விழாவின் வாசலில் கொடுப்பது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. இதற்கும் மேலாக ஒரு நுட்பம் இருக்கிறது. சுக்ரோஸ் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதன் தன்சுழற்சி சுமார் +66.5 டிகிரி. நீராற்பகுக்கப்பட்டால் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் சம அளவில் பிரியும். குளுக்கோஸ் வலப்பக்கம் சுமார் 52.7, ஃப்ரக்டோஸ் இடப்பக்கம் சுமார் 92. கூட்டிக் கழித்தால் கலவை இடஞ்சுழியாகிவிடும். வலமிருந்து இடமாக நடக்கும் இந்தக் கட்சி மாறுதலைச் செய்து முடிப்பது சிறுகுடலிலுள்ள சுக்ரேஸ் நொதி. காலையில் மலர்ந்த முகத்தோடு வலப்பக்கக் கதவு வழியே உள்ளே நுழைந்த பேராளர், மூன்றாவது வாழ்த்துரைக்குப் பிறகு இடப்பக்கக் கதவு வழியே வெளியேறி ஓ.டி. சான்றிதழ் எப்போது தருவார்கள் என்று விசாரிப்பதற்கு உளவியலார் பல காரணம் சொல்லலாம். சர்க்கரையின் எதிர்மாற்றம் என்ற எளிய விளக்கம் கைவசம் இருக்கும்போது சிக்கலானதை நாடுவது ஆய்வு நெறியன்று.

சந்தனமும் பன்னீரும் இவ்வளவு ஆழமானவை அல்ல, என்றாலும் அவற்றைத் தவிர்த்தால் மேசைக்குச் செய்யும் அநீதியாகும். சந்தன மரத்தின் மணத்துக்குக் காரணம் சாண்டலால் என்ற ஆல்கஹால், ஆல்ஃபா, பீட்டா என இரு வடிவில். ரோஜா எண்ணெயில் சிட்ரனெலால், ஜெரானியால் முதலிய பல பொருள்கள் உண்டு. ஆனால் பூவைத் தண்ணீரோடு காய்ச்சி வடிக்கும்போது தண்ணீரில் நன்றாகக் கரைந்து தங்குவது ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். மற்றவை பெரும்பாலும் எண்ணெயாக மிதந்து பிரிந்துவிடுகின்றன. பன்னீர் மணப்பது, எனவே, கூட்டத்தோடு கரையத் தெரிந்த ஒரு சேர்மத்தால். இதைத் துறைத்தலைவர் பதவியோடு ஒப்பிட ஆசை எழுகிறது. ஆய்வின் எல்லை கருதி அடக்கிக்கொள்வோம். பன்னீர்ச் செம்பைக் குலுக்கினால் துளிகள் சட்டையில் விழுந்து ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. மூக்குக்கண்ணாடியில் விழும் துளிகள் அப்படி ஆவியாகாமல் கறையாகத் தங்கி, தொடக்கவிழா முழுவதையும் மங்கலாக்கிக் காட்டும். அதில் பேராளருக்கு இழப்பு எதுவும் இருப்பதாகக் கருத முடியாது.

இத்தனை வினைகளையும் நிகழ்த்துபவர்கள் யார் என்பது நமது வாதத்தின் மையம். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, காலை ஏழரை மணிக்கே வந்து நிற்கும் எம்.எஸ்சி. மாணவியர்தான். மாணவர்கள் வாகன நிறுத்தத்திலும் ஃபிளக்ஸ் பேனர் கட்டுவதிலும் இருப்பார்கள். யாருக்கு எந்த வேலை என்பதைக் குழுக்கள் பிரிப்பதற்கு முன்பே ஊர்வழக்கம் பிரித்துவிடுகிறது. இந்த மாணவியர் குர்குமினின் கட்டமைப்பைத் தேர்வுத்தாளில் கீட்டோ வடிவம், ஈனால் வடிவம் இரண்டிலும் வரையக் கூடியவர்கள். சுக்ரோஸின் எதிர்மாற்றத்தை முனைவுமானி வைத்து அளந்து, வினைவேக மாறிலி கணக்கிட்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கியவர்கள். ஆனால் கடைசிப் பேராளர் வரும்வரை மேசையை விட்டு நகரக் கூடாது என்பதால் அவர்களுக்கு மைய உரை கிடைப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் வேதியியலைக் கேட்கிறார்கள். அதைச் செய்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள். ஆய்வுக்கோவையில் அவர்கள் பெயர் ஆசிரியர் பட்டியலில் வராது. நன்றியுரையில் 'வரவேற்புக் குழுவினர்' என்று மொத்தமாக வரும். வேதியியலில் வினையூக்கிக்கும் இதே கதிதான். சமன்பாட்டின் இடப்புறத்திலும் இல்லாமல் வலப்புறத்திலும் இல்லாமல் அம்புக்குறியின் தலைமேல் சிறிய எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது தடை, வரவேற்பு என்பதில் மேசை ஒரு பகுதியே, மேடையில் குத்துவிளக்கேற்றலும் வரவேற்புரையும் உள்ளனவே என்பது. விளக்கைப் பொறுத்தவரை நமது கட்சி சற்று விட்டுக்கொடுக்கத் தயார். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில், நல்லெண்ணெய் திரியின் நுண்புழைகள் வழியே ஏறி, ஆவியாகி எரிவது கறாரான வேதி மாற்றம். கூட எல்லைக்குள் நடக்கும் ஒரே வேதி மாற்றமும் அதுதான். ஃபாரடே மெழுகுவத்தியின் சுடர் ஒன்றைப் பற்றி 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி லண்டனில் சிறுவர்களுக்காக ஆறு உரைகள் தொடர்ச்சியாக நிகழ்த்தி, அதற்குள் பாதி வேதியியலைச் சொல்லிவிட்டார். நமது மேடையில் ஐந்து முகங்களை ஐந்து பிரமுகர்கள் ஏற்றுகிறார்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஒருவர் கூவ, நிறுத்திய பின்னும் ஒரு திரி பற்ற மறுக்க, புகைப்படக்காரர் எல்லாரையும் தம் பக்கம் திரும்பச் சொல்ல. சுடரைத் தவிர அனைத்தும் கவனிக்கப்படுகின்றன. ஆகவே இங்கே வேதியியல் நடக்கிறது, ஆனால் பார்வையாளர் இல்லை. அறிவியலில் உற்றுநோக்கப்படாத நிகழ்வைச் சான்றாக ஏற்பதில்லை.

வரவேற்புரைக்கு வந்தால், அது வேதியியல் அன்று என்றாலும் வேதியியலின் வடிவத்தை இரவல் வாங்கிய இலக்கியம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கரிம வேதியியலில் படிவரிசை என்று ஒன்று உண்டு: அடுத்தடுத்த உறுப்புகள் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் என்ற ஒரே அலகால் வேறுபடும். வரவேற்புரையின் விளிப்புப் பகுதியில் அந்த அலகு 'அவர்களே'. 'விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாண்பமை முதல்வர் அவர்களே' என்று தொடங்கி, செயலர் அவர்களே, புல முதன்மையர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே எனச் சங்கிலி ஒவ்வோர் அலகாக நீளும். படிவரிசைச் சேர்மங்களின் பண்புகள் சங்கிலியின் நீளத்தோடு ஒழுங்காக மாறும் என்பது விதி. ஆல்கேன்களில் நான்கு கார்பன்வரை வாயு, ஐந்திலிருந்து பதினேழுவரை திரவம், அதற்கு மேல் மெழுகு. அவையும் அப்படியே. நான்கு 'அவர்களே'வரை கூட்டம் ஆவிபோல் அலைபாய்ந்து இருக்கை தேடும். ஐந்துக்கு மேல் ஒரு நீரோட்டம்போல் அமைதியாகும். பதினெட்டைத் தாண்டியதும் திடமாகிவிடும், எந்தத் தூண்டலுக்கும் அசையாது. பதினெட்டுக் கார்பன் மெழுகு சுமார் 28 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், தமிழ்நாட்டு மார்ச் வெயிலில் முழு உறைவுக்கு மேலும் இரண்டு விளிப்புகள் தேவைப்படுகின்றன. இதனால்தான் உரையாளர்கள் இறுதியில் 'மற்றும் அனைத்துத் துறைப் பேராசிரியப் பெருமக்களே, பேராளர்களே' என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் ஒன்பதரைக்குத் தொடங்காமல் பதினொன்றுக்குத் தொடங்குவது ஏன் என்பதற்கு வினைவேகவியலில் விடை தயாராக இருக்கிறது. பல படிகளில் நடக்கும் வினையின் வேகத்தை அவற்றுள் மிக மெதுவான படியே தீர்மானிக்கும். இங்கே அந்தப் படி சிறப்பு விருந்தினரின் கார், புறவழிச்சாலையிலிருந்து கல்லூரி வளைவுவரை வந்து சேர்வது. பேராளர்களின் செறிவை நூறிலிருந்து இருநூறாக்கினாலும் விழா ஒரு நிமிடம்கூட முன்னதாகத் தொடங்காது. அவர்களைப் பொறுத்தவரை இது பூஜ்ஜிய வகை வினை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பேராளர்கள் எங்கே நிற்கிறார்கள்? மேசையைச் சுற்றி. இரண்டாவது கற்கண்டு எடுக்கப்படுவது அப்போதுதான். விழா தாமதமாகத் தாமதமாக மேசையின் வேதியியல் பெருகுகிறது என்ற இந்தத் தொடர்பு நமது கருதுகோளுக்குக் கூடுதல் வலு.

மூன்றாவது தடை வரலாற்றிலிருந்து வருகிறது, கனமானது. வேதியியலின் போக்கையே மாற்றிய மாநாடுகள் உண்டல்லவா, அவை கூடத்துக்குள் நடந்தவைதானே என்கிறார்கள். சரி, முதல் பெரும் மாநாட்டையே எடுத்துக்கொள்வோம். 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கூட்டும் எண்ணம் கெக்குலேயுடையது. உள்ளூர்ப் பேராசிரியர் வெல்ட்சியன் வரவேற்றுப் பேசினார். பிரச்சினை அணு எடை. எந்தச் சேர்மத்துக்கு எந்த வாய்ப்பாடு என்பதில் அவ்வளவு குழப்பம். அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே பத்தொன்பது வாய்ப்பாடுகளைக் கெக்குலே தம் பாடநூலில் அடுக்கிக் காட்டினார். மூன்று நாள் பேசியும் கூடத்தில் தீர்வு எட்டப்படவில்லை. அறிவியல் கேள்வியை வாக்கெடுப்பால் முடிக்க முடியாது, அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். திருப்பம் எங்கே நிகழ்ந்தது? எல்லாரும் கிளம்பும் வேளையில், கன்னிசாரோ எழுதிய சிறு வெளியீடு ஒன்றை அவருடைய நண்பர் பவேசி பேராளர்களின் கையில் கொடுத்தார். அவகாட்ரோ 1811இல் சொன்ன கருதுகோளைக் கொண்டு அணு எடைகளை ஒழுங்குபடுத்தும் வழி அதில் இருந்தது. லோதார் மையர் அதைப் பின்னர் படித்தபோது தம் கண்ணை மறைத்திருந்த செதில்கள் உதிர்ந்ததாக எழுதினார். அந்த மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர் மெண்டெலீவ் 1869இல் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார். கூடம் மூன்று நாளில் செய்யாததை, புறப்படும் நேரத்தில் கையில் திணித்த ஒரு பொருள் செய்தது. கன்னிசாரோவின் நூல் புறப்படும்போது கொடுக்கப்பட்டது, நமது கற்கண்டு நுழையும்போது கொடுக்கப்படுகிறது, இரண்டும் ஒன்றாகுமா என்று இழுத்தால், கதவு ஒன்றுதான் என்பதே பதில். இன்றைய மாநாட்டுப் பையிலும் குறிப்பேடு, பேனா, தண்ணீர்ப் பாட்டில் விளம்பரம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு கன்னிசாரோ கிடக்கலாம். பையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்கறிக்கு வைத்துக்கொள்வதால் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

நம் நாட்டுச் சான்றும் இதே திசையில் நிற்கிறது. இந்திய அறிவியல் மாநாட்டைத் தொடங்கும் யோசனை இரண்டு வேதியியலருடையது: சென்னை மாநிலக் கல்லூரியின் சைமன்சன், லக்னோ கேனிங் கல்லூரியின் மக்மஹன். முதல் கூட்டம் 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தா ஆசியச் சங்கத்தில் நடந்தது. வந்தவர்கள் 105 பேர். படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. ஒருவருக்கு ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டால் மீதி எழுபது பேர் எதற்காக வந்தார்கள்? அறிவு தாகம் என்பார்கள். வரவேற்கப்படுவதற்காக என்பதே பொருத்தமான விளக்கம். நூறாண்டு கடந்தும் இந்த விகிதம் பெரிதாக மாறிவிட்டதாக இன்றைய தேநீர் வரிசையைப் பார்த்தால் தோன்றாது.

கடைசித் தடை மானிடவியலாருடையது. இதே மேசை கல்யாண மண்டப வாசலிலும் இருக்கிறது. இயற்பியல் துறை மாநாட்டிலும், தமிழ்த்துறைக் கருத்தரங்கிலும், புதிய நகைக்கடைத் திறப்பிலும் இருக்கிறது. எங்கும் இருப்பது எப்படி வேதியியல் மாநாட்டின் சாரமாகும்? இதற்கு விடை, எங்கும் இருப்பதே வேதியியல் என்று முதலாண்டு வகுப்பில் துறையினர் சொல்லிவரும் வாசகம். இயற்பியல் துறை தன் வாசலில் குங்குமம் வைக்கும்போது அது இரவல் பொருளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. நியாயப்படி அந்த மேசையில் ஒரு நெம்புகோல் இருக்க வேண்டும். கல்யாண வீட்டைப் பொறுத்தவரை, மணமக்களுக்குள் 'கெமிஸ்ட்ரி' அமைந்திருக்கிறது என்று சின்னத்திரைத் தொகுப்பாளர்களே சான்றளித்துவிட்ட பின் நாம் புதிதாக நிறுவ எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுவது நேர்மை. கல்யாண மேசையில் மொய்ப் பணம் கடைசியில்தான் வாங்கப்படும். மாநாட்டு மேசையில் முன்கூட்டியே. முன்பதிவு செய்யாமல் வந்த பேராளருக்குச் சந்தனம் நீட்டும் கையும், 'ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் ஐந்நூறு ரூபாய் கூடுதல் சார்' என்று ரசீது நீட்டும் கையும் ஓரடி இடைவெளியில் இருக்கின்றன. வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், அனிச்சப்பூ வாட மூக்கு அதன் பக்கம் வர வேண்டும், விருந்தினர் வாடவோ தொலைவிலிருந்து ஒரு முகச்சுளிப்பே போதும் என்னும் பொருளில் ஓர் ஒப்பீடு செய்கிறார். இதைவிட உணர்திறன் மிக்க நிறங்காட்டி வேதியியலில் கிடையாது. பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் சில்லறை இல்லையே என்று நிமிர்ந்து பார்க்கும் பார்வையில், இப்போதுதான் குங்குமம் பெற்ற முகம் ஒரு நொடியில் நிறம் மாறுவதை எவரும் காணலாம். நெற்றியில் நிகழாமல் போன நிற மாற்றம் முகத்தில் நிகழ்கிறது. நமது முன்னுரைப்பு, இடம் சற்றே தவறினாலும், மெய்யாகிறது.

எஞ்சியிருப்பது பொருண்மைக் கணக்கு. வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பதை 1789இல் வெளிவந்த தம் நூலில் உறுதியாக வைத்த லவாய்சியே வரி வசூல் நிறுவனத்திலும் பங்காளியாக இருந்தவர். கணக்கில் இடைவெளி விடுகிறவர் அல்லர். வாங்கிய கற்கண்டு ஒரு கிலோ என்று கொள்வோம். பேராளர் 150, ஆளுக்கு 2 கிராம் வீதம் 300 கிராம். விழா தொடங்கித் தட்டை உள்ளே எடுக்கும்போது அதில் இருப்பது கால் கிலோ. 450 கிராம் குறைகிறது. ஆவியாகியிருக்க வழியில்லை, சுக்ரோஸ் அறைவெப்பத்தில் ஆவியாகாது. காவலாளியின் சட்டைப்பையில் ஒரு பிடி இருப்பதைச் சேர்த்தாலும் கணக்கு நேராகவில்லை. மேசைக்குப் பின்னால் காலை ஏழரையிலிருந்து நிற்கும் ஐந்து மாணவியரிடம் விளக்கம் கேட்டால், ஐவரும் தெரியாது என்பதற்கு அடையாளமாகத் தலையை மட்டும் அசைக்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.